கேட்கச் செவியுள்ள இல்லம்

கண்ணுக்கு இமையைத் தந்த இறைவன் காதுக்கு மூடியைத் தரவில்லை. விரும்பாததைக் காணாதிருக்க விழிகளை மூடிக்கொள்ளலாம். காதுகளோ நாம் உறங்கும்போதும் திறந்தே இருக்கின்றன. கண் தனக்கு முன்னே உள்ளதை மட்டுமே காணும். காது முன்னும் பின்னும் இருபுறமும் எழுகின்ற ஒலிகளை ஒருசேரக் கேட்கும். அடுக்களையில் குக்கர் சீட்டியடிப்பதையும், தொட்டிலில் குழந்தை சிணுங்குவதையும், வாயிற்கதவு தட்டப்படுவதையும் ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளும் இல்லத்தலைவியர்க்கு இவ்வுண்மையை நாம் விளக்கத் தேவையில்லை.

நாற்புறமும் கேட்கும் இந்த இயல்பை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே 'சரவுண்ட் சவுண்ட்' எனப்படும் சூழொலி முறை. ஒரு காலத்தில் பெரிய திரையரங்குகளில் மட்டுமே இருந்த இவ்வமைப்பு இன்று நம் பங்கு மக்கள் பலரின் இல்லக் கூடத்திற்கே வந்துவிட்டது. வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில் ஐந்து சிறு ஒலிபெருக்கிகளும் ஒரு பெரிய பெட்டியுமாக 'ஹோம் தியேட்டர்' இருப்பதைக் காண்கிறோம். அவை வைக்கப்பட்டிருக்கும் விதந்தான் வியப்பளிக்கிறது. இரண்டு, அலமாரியின் உச்சியில். ஒன்று, சோபாவுக்கு அடியில். நடுவில் நின்று பேசவேண்டியதோ பூச்சாடிக்குப் பின்னால்!

உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளின் பயன் கிட்டாமற்போவது ஒரு புறம் இருக்க, வேறொரு கேடும் இதனால் விளைகிறது. வீட்டிலுள்ள முதியோர் பேச்சைத் தொடர முடியாமல் மெல்ல ஒதுங்கிக்கொள்கின்றனர். பக்கத்து வீட்டார் உறக்கம் இழக்கின்றனர். ஆகவே இது குடும்ப அன்பையும் அயலார் அன்பையும் தொட்டுநிற்கும் செய்தியாகிறது. இதைப்பற்றிச் சிறிது விரிவாகச் சிந்திப்போம்.

கோயிலில் வளர்ந்த கலை

சூழ்ந்து வரும் ஒலியின் இன்பத்தை மின்சாரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே திருச்சபை அறிந்திருந்தது. துறவு மடங்களிலும் குருமடங்களிலும் இருபுறமும் எதிரெதிரே நின்று திருப்பாடல்களை மாறி மாறிச் செபிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. இத்தாலியின் வெனிஸ் நகரிலுள்ள புனித மாற்கு பேராலயத்தில் இவ்வழக்கம் ஓர் உயர்ந்த இசைக்கலையாக மலர்ந்தது. 1527 முதல் 1562இல் இறக்கும்வரை அங்கு இசைத்தலைவராய்த் திகழ்ந்த அட்ரியன் வில்லார்ட் என்பவர், இரு பாடகர் குழுக்கள் மாறி மாறிப் பாடும் திருப்பாடல்களை இயற்றி, 1550இல் அச்சிட்டார். அவருக்குப்பின் வந்த ஜொவான்னி கபிரியேலி பல குழுக்களுக்கென எழுதிய பாடல்களும் கருவியிசையும் அடங்கிய தொகுதி 1597இல் வெளிவந்தது. ஒரு குழு வினவ, மற்றொன்று விடையளிக்க, பின்னர் யாவும் சேர்ந்து முழங்கும் அந்த இசை, இறைமக்களை நாற்புறமும் சூழ்ந்துகொண்டது.

மின்கருவிகளின் காலத்தில் இதே எண்ணம் வேறு வடிவம் கொண்டது. ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் திரையரங்கில் அமர்ந்திருந்தபோது, நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, அவர் குரல் வேறோரிடத்திலிருந்து வருவதைக் கண்டு சிந்திக்கத் தொடங்கினார் என்பர். இரு ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஒலியின் இடத்தையும் உணர்த்தும் 'ஸ்டீரியோ' முறைக்கு 1931ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் காப்புரிமை கோரினார். 1940 நவம்பரில் நியூயார்க் நகரில் வெளியான வால்ட் டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' என்னும் படம், திரைக்குப் பின்னாலும் அரங்கின் பிற பகுதிகளிலும் ஒலிபெருக்கிகளை அமைத்து மக்களை ஒலியால் சூழ்ந்தது. அப்படம் ஷூபெர்ட் அமைத்த 'ஆவே மரியா' இசையோடு நிறைவெய்துகிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. செலவு மிகுதியால் அன்று சில அரங்குகளில் மட்டுமே அவ்வமைப்பு இயலக்கூடியதாயிற்று. இன்றோ அது நம் கூடத்தின் மூலையில் வந்து அமர்ந்திருக்கிறது.

இரு காதுகளின் கணக்கு

ஒலிபெருக்கியை எங்கு வைப்பது என்பதை அறிய, காது எவ்வாறு திசையறிகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது; ஓர் அடி தொலைவைக் கடக்க ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறது. வலப்புறம் எழும் ஒலி வலக்காதை முதலில் அடைந்து, சற்றுப் பிந்தியே இடக்காதை எட்டும். இந்த வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எனினும் மூளை அந்நுண்ணிய வேறுபாட்டைக் கணித்து, ஒலி வந்த திசையைச் சொல்லிவிடுகிறது. படைத்தவரின் கைவண்ணத்தை எண்ணி வியக்க இதைவிட வேறென்ன வேண்டும்!

மற்றோர் உண்மையும் உண்டு. ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து மிகச் சிறிய கால இடைவெளியில் வந்தால், காது அதை இரண்டாகக் கேட்பதில்லை. முதலில் வந்த இடத்திலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் கொள்கிறது. ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1949இல் தம் ஆய்வில் இதை விளக்கினார். சோபாவின் கைப்பிடியருகே ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, "எல்லாச் சத்தமும் இந்த மூலையிலிருந்தே வருகிறதே" என்று சலித்துக்கொள்வோர்க்கு இதுவே விடை. மிக அருகில் உள்ளது முந்திக்கொள்கிறது. மற்றவை இருந்தும் இல்லாதவை ஆகின்றன.

எது எங்கே?

ஐந்து ஒலிபெருக்கிகளை அமைக்கும் முறையை அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்துத் தந்துள்ளது. அதன்படி, கேட்பவரை நடுவில் வைத்து ஒரு வட்டம் வரைந்ததாக எண்ணிக்கொள்க. நேர் எதிரே ஒன்று; அதற்கு இடமும் வலமும் 30 பாகை விலகி இரண்டு; கேட்பவருக்குப் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி, 100 முதல் 120 பாகைக்குள் மற்ற இரண்டு. இவை ஐந்தும் கேட்பவரிடமிருந்து ஒரே தொலைவில் இருப்பின் மிக நன்று.

பாகைக் கணக்கு கடினமாகத் தோன்றினால் அளவுநாடா ஒன்று போதும். 12 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். 12 அடிச் சுவரின் நடுவே தொலைக்காட்சிப் பெட்டி இருக்கட்டும். முன்புற ஒலிபெருக்கிகள் இரண்டையும் தம்முள் 9 அடி இடைவெளி விட்டு வைத்தால், பக்கச் சுவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளி நிற்கும். பின்சுவரிலிருந்தும் ஓர் அடி முன்னே அவற்றை இழுத்து வைத்தல் நலம். அமரும் இருக்கை, அவ்விரண்டிலிருந்தும் சரியாக 9 அடித் தொலைவில் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் ஒன்று இவ்வாறு அமையும். அப்போது இருக்கை, தொலைக்காட்சிச் சுவரிலிருந்து ஏறத்தாழ 9 அடியில் அமைந்து, அதன் பின்னால் 6 அடி இடம் எஞ்சும். இருக்கையைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். அவ்விடத்தில் தாழ்ந்த ஒலி அளவுக்குமீறித் திரண்டு பேச்சை மறைக்கும். ஆகவே சிறிது முன்னே இழுத்துக்கொள்வது நல்லது.

பக்க ஒலிபெருக்கிகள் இரண்டையும் இருபுறச் சுவர்களிலும், இருக்கைக்கு இரண்டு அடி பின்தள்ளிப் பொருத்துக. இவை நம்மிடமிருந்து 6 அடியில் இருக்கும். முன்னவற்றைவிட 3 அடி நெருக்கம். ஒலி முந்திக்கொள்ளுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையரின் அமைப்புப் பட்டியலில் ஒவ்வொன்றின் தொலைவையும் குறிக்க இடம் உண்டு. அளந்த அளவை அங்கே பதிந்துவிட்டால், நெருங்கியதன் ஒலியைக் கருவியே சிறிது தாமதித்து அனுப்பும்.

முன்புற மூன்றும் அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருத்தல் சிறப்பு. பக்கத்தில் உள்ளவை தலைக்கு மேலே ஓரிரு அடி உயர்ந்திருக்கலாம். நடு ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியின் கீழேயோ மேலேயோ வைத்து, அதன் முகத்தைக் காதை நோக்கிச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும்.

தாழ்ந்த ஒலிக்குரிய 'சப்-ஊஃபர்' பெட்டிக்குத் தனிச்சட்டம் உண்டு. மிகத் தாழ்ந்த ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் அறியாது. ஆகவே அப்பெட்டி நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூலையில் வைத்தால் ஒலி பெருகும்; சில சமயம் வேண்டாத முழக்கமும் வரும். நல்ல இடத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. பெட்டியை நாம் அமரும் இருக்கையில் தூக்கி வைத்து ஓர் இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாக நடந்தும் குனிந்தும் கேட்டுப் பார்க்க வேண்டும். எவ்விடத்தில் தாழ்ந்த ஒலி தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ, அவ்விடமே பெட்டிக்கு உரிய இடம்.

கம்பிகளை இணைக்கையில் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்க்க மறவற்க. ஒன்று மாறிப்போனாலும் ஒலி மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் சிதறும். நடைபாதையில் கம்பியை ஓடவிடாமல் சுவரோரமாகக் கொண்டு செல்க. தவழும் குழந்தையும் தடியூன்றி நடக்கும் தாத்தாவும் அதே கூடத்தில்தானே நடமாடுகின்றனர்!

சுவர்களும் பேசும்

நம் வீடுகள் சிமெண்டுச் சுவரும் வழவழப்பான தரைக்கற்களும் கொண்டவை. ஒலி அவற்றில் பட்டுத் தெறித்து, மீண்டும் மீண்டும் நம்மிடம் திரும்புகிறது. கூடத்தின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'கிண்' என்ற எதிரொலி எழுமாயின், எத்துணை விலையுயர்ந்த கருவியும் அங்கே தெளிவாகப் பேசாது.

இதை முதன்முதலாக அளந்து கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் சபைன். அங்கே 1895இல் திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்குப் புரியவில்லை. பேசிய சொல் ஐந்தரை நொடிவரை ஓயாமல் சுழன்று, அடுத்துவரும் சொற்களை விழுங்கியது. சபைன் என்ன செய்தார்? வேறோர் அரங்கிலிருந்த இருக்கை மெத்தைகளை இரவு நேரங்களில் சுமந்து வரச்செய்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, எதிரொலி எவ்வளவு குறைகிறதென்று அளந்தார். மெத்தையும் துணியும் மனித உடலும் ஒலியை உட்கொள்கின்றன என்பதற்கு அவ்விரவுகளில் கணக்குக் கிடைத்தது.

இதன் உண்மையை ஒவ்வொரு பங்குத்தந்தையும் தம் அனுபவத்தில் அறிவார். வார நாள் காலையில் பத்துப்பேர் இருக்கும் கோயிலில் குரல் முழங்கிக்கொண்டே இருக்கும். ஞாயிறன்று இருக்கைகள் நிறைந்ததும் அதே குரல் தெளிவடையும். இறைமக்களின் வருகையே கோயிலின் ஒலியைச் செம்மைப்படுத்துகிறது!

வீட்டில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. இருக்கைக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் ஒரு ஜமக்காளம்; சன்னல்களுக்குக் கனத்த திரை; பக்கச் சுவரில் ஒரு புத்தக அடுக்கு. இவை போதும்.

அப்பாயிக்குக் கேட்கிறதா?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளை. உயிரெழுத்துகளின் ஓசை கேட்கும். 'ச', 'ட', 'த', 'ப' போன்ற எழுத்துகளின் கூர்மை மங்கும். ஆகவேதான் பல முதியவர்கள், "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்கின்றனர். இளையோரோ அதைப் புரிந்துகொள்ளாமல் ஒலியைக் கூட்டுகின்றனர். முழக்கம் மட்டும் கூடுகிறது. இரண்டு முறை "என்னய்யா சொன்னாங்க?" என்று கேட்டுச் சலிப்பான விடை பெற்றபின், மூன்றாம் முறை அவர்கள் கேட்பதில்லை. உள்ளறைக்குச் சென்று செபமாலையை எடுத்துக்கொள்கின்றனர். நாம் அதைப் பக்தியென்று எண்ணிக்கொள்கிறோம். அதில் தனிமையும் கலந்திருப்பதை அறியத் தவறுகிறோம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் கோயில்கள் அடைபட்டிருந்தபோது, நம் மக்கள் தொலைக்காட்சி வழியே திருப்பலியில் ஒன்றித்திருந்தனர். நாம் அறிந்த ஓர் இல்லத்தில் எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர், மறையுரை ஒன்றும் விளங்காமல் கண்ணீரோடு அமர்ந்திருந்தார். பெரிய ஒலியமைப்பு அவ்வீட்டில் இருந்தது. கல்லூரியில் பயிலும் பேரன் ஒருநாள் அதைக் கூர்ந்து பார்த்தான். பேச்சைத் தாங்கிவரும் நடு ஒலிபெருக்கி, தொலைக்காட்சி மேசையின் கண்ணாடிக் கதவுக்குள் அடைபட்டிருந்தது. போதாக்குறைக்கு, 'ஹால்' என்று பெயரிட்ட செயற்கை எதிரொலி முறையும் இயக்கப்பட்டிருந்தது. அவன் அதை வெளியே எடுத்து மேசையின் விளிம்பில் வைத்து, முகத்தைப் பாட்டியை நோக்கிச் சாய்த்தான். எதிரொலி முறையை நிறுத்தினான். நடு ஒலிபெருக்கியை மட்டும் சிறிது கூட்டி, தாழ்ந்த ஒலிப் பெட்டியைக் குறைத்தான்.

"அப்பாயி, இப்ப கேக்குதா?"

"கேக்குதுய்யா. சாமி சொல்றது வெளங்குது."

மொத்தச் சத்தம் முன்னிலும் குறைந்திருந்தது. சொல் மட்டும் தெளிந்திருந்தது. புதிதாக ஒரு காசும் செலவாகவில்லை. வேண்டியதெல்லாம், இவருக்குக் கேட்கவில்லையே என்று ஒருவன் கவலைப்பட்டதுதான்.

திரைப்படங்களிலும் பேச்சின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கியிலிருந்தே வருகிறது. ஆகவே இடநெருக்கடியால் ஏதேனும் ஒன்றை மூலையில் தள்ள வேண்டியிருந்தாலும், நடுவிலிருப்பதைத் தள்ளாதீர்கள். இவ்வளவு செய்தும் முதியவர்க்குக் கேட்கவில்லையென்றால், காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காதில் அடைத்த குறும்பியே காரணமாக இருக்கலாம். செவித்துணைக் கருவி தேவைப்படலாம். கண்ணாடி அணிவதில் இல்லாத கூச்சம் செவித்துணைக் கருவிக்கு ஏன்?

இளையோரின் காதும் காக்கப்பட வேண்டியதே. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபெலைத் தாண்டலாகாது என்றும், குழந்தைகளுக்கு அது 75 டெசிபெலே என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடும்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும்.

அடுத்த வீட்டாரின் சுவர்

உயர்ந்த ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும். தாழ்ந்த ஒலியோ சுவரையும் தரையையும் ஊடுருவிச் செல்லும். நம் கூடத்தில் இடிமுழக்கம் இனிமையாக இருக்கும்போது, அடுத்த வீட்டு நோயாளியின் கட்டில் அதிர்கிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடுகிறது. ஒலி மாசுபாடு குறித்த 2000ஆம் ஆண்டின் நடுவணரசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபெல் என வரையறுத்துள்ளன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், சென்னையில் கிறிஸ்தவ சபையொன்றின் ஒலிபெருக்கி குறித்து எழுந்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து இறைவேண்டல் செய்யுமாறு எந்தச் சமயமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செபத்துக்கே இவ்விதி பொருந்துமாயின், திரைப்படச் சண்டைக்காட்சிக்குப் பொருந்தாதா?

இரவு வேளைகளில் 'சப்-ஊஃபர்' பெட்டியை அணைத்துவிடுங்கள். அதன் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றை இட்டால் தரை வழியே செல்லும் அதிர்வு குறையும். ஒருநாள் அடுத்த வீட்டாரிடமே சென்று, "எங்கள் வீட்டுச் சத்தம் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பிறரன்பைப் பற்றிய பத்து மறையுரைகளுக்கு அக்கேள்வி ஈடாகும்.

அணைக்கும் நேரம்

கருவி இல்லாதவர்கள் இதைப் படித்து ஏங்க வேண்டாம். கடன்பட்டு ஐந்து ஒலிபெருக்கி வாங்குவதைவிட, கையிலுள்ள இரண்டைச் சரியான இடத்தில் வைப்பதே அறிவுடைமை. எத்துணைச் சிறந்த அமைப்பாயினும், அதை நிறுத்தத் தெரிந்த குடும்பத்திற்கே அது நன்மை பயக்கும்.

ஓரேபு மலையில் எலியா இறைவனைச் சுழற்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ காணவில்லை. அவற்றுக்குப் பின் வந்த மெல்லிய ஒலியிலேயே கண்டுகொண்டார். சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் அழைப்பைக் கேட்டது இரவின் அமைதியில். திருமுழுக்கின்போது குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு, இறைவார்த்தையைக் கேட்கவும் நம்பிக்கையை அறிக்கையிடவும் வேண்டுகிறார். கேட்டல் முதலில், பேசுதல் பின்பு. வள்ளுவரும் 'கேள்வி' என்று தனி அதிகாரமே வகுத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாளுக்கு, இதயத்தின் செவியால் கேட்டலையே கருப்பொருளாகத் தந்தார்.

அன்பான குடும்பத் தலைவர்களே, தலைவியரே! இந்த ஞாயிறு மாலை அளவுநாடாவை எடுத்து உங்கள் ஒலிபெருக்கிகளைச் சீராக அமையுங்கள். வீட்டிலேயே மூத்தவரை நடு இருக்கையில் அமர்த்தி, அவருக்குத் தெளிவாகக் கேட்கும்வரை திருத்துங்கள். அவர் 'போதும்' என்று சொல்லும் அளவே அவ்வீட்டின் அளவாக இருக்கட்டும். பின்னர், இரவு குடும்ப செபத்திற்கு மணியடித்ததும் யாவற்றையும் அணைத்துவிடுங்கள். மகன் அன்று பள்ளியில் நடந்ததைச் சொல்லட்டும். மருமகள் தன் மனச்சுமையை இறக்கி வைக்கட்டும். தாத்தா பழங்கதை ஒன்றை மீண்டும் ஒருமுறை கூறட்டும். குறுக்கிடாமல் கேளுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் இல்லத்தில், ஆண்டவரின் குரலும் தெளிவாகக் கேட்கும்.